பழைய ஆயில் போன இடம்

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளை ஜெபத்திலும் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆமென் சொல்கிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்க்கிறோமே, இந்த அம்மாவுக்கு இன்னாத்துக்குக் காகிதமும் பேனாவும் என்று நீ சிரிப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், நீ சின்ன வயதில் கதைப் புத்தகம் படித்ததுபோல் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் ஒழுங்காக வரிசையாகப் படி. உன் அக்கா சௌந்தர்யா வாலாஜாபேட்டையிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், குழந்தைக்குக் கீழ்ப்பல் முளைத்திருக்கிறது, எதைக் கண்டாலும் கடிக்கிறது, அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் கடித்துவிட்டது. இந்த வருஷம் மழை ஜாஸ்தி, பாலாற்றில்கூட கொஞ்சம் தண்ணீர் ஓடியது, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த மழையில்தான் எங்களுக்குப் பேஜாரும் ஆரம்பித்தது.

போனில் அப்பா உனக்குப் பாதியைத்தான் சொன்னார், அதையும் இருமி இருமிச் சொன்னார், அதனால் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ஷூ கம்பெனியில் மெஷின் பழுது பார்த்தே காலம் தள்ளிய மனுஷன், ரிடையர் ஆனதும் கை சும்மா இருக்கமாட்டாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மிக்ஸியைப் பிரித்துப்போட்டவர் அவர். அந்தச் சமயம் பார்த்து நீ உன் நண்பன் ஷெட்டில் டீசல் காருக்கு நீயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதைப் படம்பிடித்து அனுப்பினாய், நம்ம வண்டிக்கும் இதேதாம்பா, நீங்களே செஞ்சிடலாம் என்றும் சொன்னாய். அதைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்துவிட்டார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயில் சூடேறி இளகியதும் நிறுத்துவார், முன்சக்கரங்களைச் சாய்வுக் கட்டையில் ஏற்றிப் பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு கீழே படுத்து போல்ட்டைக் கழற்றுவார், கருகருவென்று கொட்டும், கடைசிச் சொட்டு விழும்வரை எழுந்திருக்க மாட்டார். அப்புறம் பழைய ஃபில்டரைத் திருகி எடுத்து, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கி, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டி, மேலே வந்து புது ஆயிலை ஊற்றுவார். அளவு பார்க்கும் குச்சி மட்டும் என் பொறுப்பு. துடைச்சிட்டு உட்டு எடு, ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்குதா பாரு என்று கீழிருந்து சத்தம் போடுவார், நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து நிக்குது நிக்குது என்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது, அவர் சந்தோஷமாக இருந்தார். போதகர் ஐயா வண்டிக்கும் அவரே ஆயில் மாற்ற ஆரம்பித்தார், பின்வீட்டுக் கோவிந்தசாமி அண்ணனின் காய்கறி வேனுக்கும் அவரேதான், காசு வாங்குவதில்லை, ஒரு டீயும் நாலு நல்ல வார்த்தையும் போதும் அவருக்கு.

உன் வீடியோ, நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பதோடு முடிந்துவிட்டது கண்ணு. தட்டில் விழுந்த பழைய ஆயிலை அதற்கப்புறம் என்ன செய்தாய் என்று அதில் இல்லை. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ ஊருக்குப் போவதற்கு முந்தின கோடையில் பின்பக்கம் தண்ணீருக்காக ஒரு போர்வெல் போட்டோமே, புகை மாதிரி வெள்ளைத் தூள்தான் வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அந்த போர் பைப் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. அப்பா அதில் ஒரு புனலை வைத்து ஊற்றிவிட்டார். நம் வண்டி ஆயில், போதகர் வண்டி ஆயில், வேன் ஆயில் எல்லாம் ஒவ்வொரு தடவையும் அதற்குள்ளேதான் போயிற்று. முற்றம் அழுக்காகாமல் வேலை முடிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மழை விட்ட மறுநாள், நம் பின்சுவரை ஒட்டியிருக்கும் கோவிந்தசாமி அண்ணன் கிணற்றில் தண்ணீர் மேலே ஏறியது. அவர்கள் குடிப்பதற்கு நம்மைப் போலவே கேன் தண்ணீர்தான், ஆனால் மாட்டுக்கும் துணி துவைக்கவும் அந்தக் கிணறுதான். காலையில் மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் போயிருக்கிறது. அவர் மனைவி கங்கம்மாள் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள், பாருங்க, எங்க தண்ணியப் பாருங்க என்று அழுதாள். மேலே வானவில் மாதிரி பளபளவென்று ஒரு ஆடை மிதந்தது. இந்தப் பக்கத்தில் தண்ணீர் கெட்டுப்போனால் யாரும் இரண்டாவது ஆளைத் தேடுவதில்லை, அது உனக்கே தெரியும். டேனரிக்காரன்தான், மழைய சாக்கா வச்சு ராவோட ராவா தொறந்து உட்டுட்டான் என்று ஒருத்தர் சொன்னார், அவ்வளவுதான், எல்லாரும் ஓடையோரம் இருக்கும் ஷபீ அஹமது பாயின், தோல் பதனிடும் சின்ன டேனரி கேட்டுக்குப் போய்விட்டார்கள். தோல் ஏற்றி வந்த லாரியை மறித்தார்கள். கோவிந்தசாமி அண்ணன்தான் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அதிகாரிகள் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ரிசல்ட் வருகிறவரை வேலை நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட் பூட்டிக் கிடக்கிறது.

அந்தக் குடத்தை நானும் முகர்ந்து பார்த்தேன் ஆல்வின். டேனரித் தண்ணீரின் நாற்றம் எனக்குத் தெரியாதா, பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில்தானே இருக்கிறேன், சுண்ணாம்பும் அழுகலும் கலந்து மண்டையில் ஏறும். இது அது இல்லை. விரலை விட்டுத் தேய்த்தேன், வழுக்கியது. எத்தனை முறை அப்பாவின் லுங்கியைச் சோப்புப் போட்டுப் போட்டு அலசியிருக்கிறேன், அந்தப் பிசுக்கும் அந்த வாசனையும் என் கைக்குத் தெரியும். கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன், அவர் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், சரி, அவருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அவர் செய்த முதல் வேலை, அந்தப் பைப் வாயின்மேல் ஒரு பலகைக்கல்லைப் போட்டு, அதன்மேல் முன்வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி வைத்ததுதான். முட்டிவலி என்று அரிசி மூட்டையை நகர்த்தாத மனுஷன் அதைத் தனியாகவே தூக்கினார்.

இப்படி மூடி மறைப்பது சரியா என்று நான் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா. அதற்கு அவர், இத்தினி வருஷமா டேனரிக்காரங்க அத்தினி பேரும் உட்ட தண்ணில இந்த ஊரே நாசமாப் போச்சு, ஆத்து மணலு கூட நாறுது, அதுல என் நாலு கேன் ஆயில் எம்மாத்திரம், ஒருத்தராச்சும் நம்ம வீட்டாண்ட வந்து மன்னிப்பு கேட்டாங்களா என்றார். அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, நாமும்தான் சாகுபடி நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிறோம். ஆனால் இந்தத் தடவை ஷபீ பாய் செய்யவில்லையே, செய்யாத குற்றத்துக்கு எப்படி ஒருத்தரைப் பூட்டி வைப்பது. நம் வீட்டு வரிசையில் இருக்கும் அம்பிகா அங்கேதான் தோலின் ஓரம் வெட்டுகிற வேலை பார்த்தாள், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்போது கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போகிறாள், முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறாள். கிறிஸ்மஸ் வருகிறது, பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன், அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அம்மா, வாயத் தொறக்காதீங்க, ரிசல்ட் வந்தா அதிகாரிங்களே பாய உட்டுடுவாங்க, அப்பா பேரு கெட்டுப்போயிடும், சர்ச் கமிட்டில இருக்காரு என்றாய். உங்கள் ஊரில் பழைய ஆயிலைக் கடையிலேயே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், மண்ணில் ஊற்றினால் கேஸ் என்றும் நீயேதான் சொன்னாய். எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊருக்கு ஒரு நியாயமா தம்பி. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, அன்றைக்கு நெட்வொர்க் சரியில்லை என்று நான் போனை வைத்தது பொய்தான். ரிசல்ட் எப்போது வருமோ தெரியாது, அதற்குள் பாய்க்குத் தோல் கொடுக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் பூட்டைத் திறந்து என்ன செய்வது. இதற்குமேல் அந்த டேனரியை ஒரேயடியாக மூடச் சொல்லி மனு தயார் செய்திருக்கிறார்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தண்ணித் தொட்டி மைதானத்தில் கூட்டம், முதல் கையெழுத்து உன் அப்பா, தானியேல் அண்ணன்தான் போட வேண்டும் என்று கோவிந்தசாமி அண்ணன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று ஷபீ பாயும் வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அண்ணே, நீங்க கம்பெனில இருந்தவரு, ஒரு வாட்டி அந்தத் தண்ணிய மோந்து பாத்து இது தோல் தண்ணி இல்லன்னு கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லுங்க, நான் சொன்னா எவன் கேப்பான், உங்க பேச்சுக்குக் கட்டுப்படுவாங்க என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, முட்டி வலி பாய், கூட்டத்துல நிக்க முடியாது என்றார். முட்டி வலியாம். பாய் தப்பாகவே நினைக்கவில்லை, ஒடம்பப் பாத்துக்குங்கண்ணே, பாகாயத்துல எனக்குத் தெரிஞ்ச எலும்பு டாக்டர் கீறாரு, சொல்லட்டுமா என்று கேட்டார். நான் கொடுத்த டீயை முழுதாகக் குடித்துவிட்டு எழுந்தார். எனக்கு இத்தனை வருஷத்தில் உன் அப்பாவைப் பார்த்து வெட்கமாக இருந்தது நேற்றுத்தான். பாய் போனதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நீங்க வரலன்னா இன்னா, நான் போறேன், எங்க வீட்டு ஆயிலுதான்னு நான் சொல்றேன், அப்புறம் நீங்க என்கிட்ட பேசுங்க பேசாம இருங்க என்று. ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இன்றைக்குக் காலையில் நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன், வண்டி இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. நீ ஆர்டர் போட்டு அனுப்பிய ஆயிலும் ஃபில்டரும் பெட்டியைப் பிரிக்காமல் ஹாலில் கிடந்தன, எட்டிப் பார்த்தால் பெட்டியைக் காணவில்லை. கட்டையில் ஏற்றி, அவரே கீழே படுத்து, போல்ட்டைக் கழற்றி, எல்லாம் எப்போதும்போல் செய்தார், என்னைக் குச்சி பார்க்க மட்டும் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் பார்த்து நிக்குது என்று சொன்னேன். பழைய ஆயிலை, புது ஆயில் வந்த கேனிலேயே சிந்தாமல் ஊற்றி மூடியை இறுக்கினார். பின்பக்கம் போகவில்லை. கேனைத் துடைத்து டிக்கியில் வைத்தார். அப்புறம் அந்தக் குரோட்டன்ஸ் தொட்டியைக் கட்டிப்பிடித்து இறக்கி வைத்துவிட்டு, கல்லையும் தள்ளிவிட்டு, பைப் வாயைத் திறந்தே போட்டார். கையை வெகுநேரம் கழுவிவிட்டு வந்து, ஞாயித்துக்கெழமைக்கு என் வெள்ளச் சட்ட தொவச்சிருக்கியா என்று கேட்டார். அதை இஸ்திரிப் பெட்டி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அவரை அந்தக் கூட்டத்தில் என்ன பேசுவார்களோ, கோவிந்தசாமி அண்ணன் தன் வேன் ஆயிலும் அதில் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன ஆவாரோ, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வதோ, கேஸ் என்று போனால் இந்த வயதில் அவர் தாங்குவாரோ, எதுவும் எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அவர் பேச முடியாமல் நின்றுவிட்டால் நான் பேசுவேன்.

இப்போது காகிதமும் பேனாவும் எதற்கு என்று சொல்கிறேன். போனில் சொன்னால் நீ தடுப்பாய். நீ இரண்டு தடவை அழுதால் நான் இளகிவிடுவேன், அப்பா அதற்கு முன்னாலேயே இளகிவிடுவார். கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை தாண்டியிருக்கும், செய்ய வேண்டியதைச் செய்துமுடித்திருப்போம். அதற்குள் நீ போன் செய்தால் மழையைப் பற்றியும் குழந்தையின் பல்லைப் பற்றியும்தான் பேசுவேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது தெருவில் யாராவது உன் அப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னால் தலையைக் குனியாதே, நின்று கேட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, குளிர் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. மறந்துவிடாதே, இனிமேல் அப்பாவுக்கு எதையாவது வீடியோ எடுத்து அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்குவதோடு நிறுத்தாதே, மிச்சம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து எடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா
தா. அமிர்தவள்ளி