துளசி என்று கூப்பிட்டால் திரும்பாதே

ஜூலை 7, திங்கள்

புகைமூட்டம். பந்திங் ஊர் முழுக்க எரிந்த மண் வாடை. வெளித்திடலில் பயிற்சி கூடாது என்று மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப். மாவட்டப் போட்டியை மட்டும் தள்ளி வைக்க மாட்டார்களாம். வலைப்பந்துப் பிள்ளைகளை மண்டபத்துக்குள் ஓடவிட்டேன். மண்டபத்தில் கழிவறை நாற்றம்.

காலையில் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ். மதியம் கவுன்சலர். மாலையில் கோச். சம்பளம் ஒன்று, தலைவலி மூன்று.

துளசி இன்றும் பிரமாதம். எங்கே நின்று எறிந்தாலும் பந்து வளையத்துக்குள். இப்படி ஒரு கோல் ஷூட்டர் எனக்கு வாய்த்ததே இல்லை. ஆனால் ஆட்டத்தில் இறக்க முடியாது. பிறப்புப் பத்திரம் கிடையாது, மைகிட் என்கிற சிறுவர் அடையாள அட்டையும் கிடையாது. தோட்டத்து வீட்டில் பிறந்தவள், யாரும் பதியவில்லை. அம்மா இந்தோனேசியப் பெண், மேடானுக்குப் போனவள் திரும்பவில்லை. அப்பா மணியம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டார். சிறப்பு அனுமதியில் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாள். மேசை உண்டு, புத்தகம் உண்டு, நாட்டுக் கணக்கில் ஆள் இல்லை.

வாங்க: கேஸ், இருமல் மருந்து, பூனைக்கு மீன்.

ஜூலை 9, புதன்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். உள்ளே போனால் பெற்றோர் சங்கத் தலைவி மிஸஸ் சாந்தி, கையில் கறிபாப் பலகாரம். அவர் மகள் யாஷினியும் என் குழுவில்தான். மாற்று ஆட்டக்காரி. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

திட்டம் இது: அடுத்த வாரம் சனிக்கிழமை போட்டியில் துளசி, யாஷினியாக ஆட வேண்டும்.

"மைகிட்ல படமே இல்ல டீச்சர். யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றார் த.ஆ.

"எங்க யாஷினி கார்ட எடுத்துக்குங்க. பாவம் லா அந்தப் புள்ள." மிஸஸ் சாந்தியின் உதட்டில் கறிபாப் தூள்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே உடைத்தது பெற்ற மகளின் பெயரை. யாஷினியைக் கேட்டீர்களா என்றேன். "அவளுக்கு என்ன தெரியும்?"

முடியாது என்றேன். அப்போதுதான் த.ஆ. தூண்டில் போட்டார். "கப்பு வரட்டும் டீச்சர். துளசிய நானே நம்ப ஒய்.பி.கிட்ட கூட்டிட்டுப் போறேன். பேப்பர்ல வந்த புள்ளைன்னா ஐசி வேலையெல்லாம் சீக்கிரம் நடக்கும்."

சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. ஒரு வார்த்தை சொன்னால் அடையாள அட்டை வந்துவிடும்தான். சரி என்று சொல்லிவிட்டேன். பேப்பரில் யாஷினி என்றுதானே வரும்? இது கார் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

எனக்கும் அந்தக் கோப்பை வேண்டும். முதல் சுற்றிலேயே தோற்று, பஸ்ஸில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அலுத்துவிட்டது.

கார் ஏர்கோன் செத்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

புகை கொஞ்சம் குறைவு. திடலில் பயிற்சி.

த.ஆ. கட்டளை: "அந்தப் பேருக்குப் பழக்கிடுங்க. துளசின்னு யாராவது கூப்பிட்டா திரும்பிடப் போறா."

விளையாட்டாக ஆக்கினேன். நான் துளசி என்று கத்துவேன். அவள் திரும்பினால் திடலை ஒரு சுற்று ஓட வேண்டும். ஓடினாள். மறுபடி கத்தினேன். மறுபடி திரும்பினாள், ஓடினாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். அவளும் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள். கடைசியில் திரும்பவில்லை. கைதட்டினோம்.

அடுத்தது பதில். ஆட்டத்துக்கு முன் நடுவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மலாயில் பெயர் கேட்பார், "நாமா சியாபா?" என்று. யோசிக்காமல் சொல்ல வேண்டும். பந்தை வீசிக்கொண்டே கேட்டேன். பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"நாமா சியாபா?"

"யாஷினி, சிக்கு!"

ஆசிரியரை மலாயில் அழைக்கும் அந்த 'சிக்கு'வோடு சேர்த்து, கணீரென்று. வீச்சு, கேள்வி, பிடி, பதில். நன்றாகப் பழக்கினேன். எதையும் நன்றாகப் பழக்கத் தெரிந்தவள் நான்.

இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பூனைக்குப் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கவுன்சலிங் அறை. பாதி அறையில் தீபாவளி நடன உடைகள், எலி வாடை. சுவரில் வாசகம்: 'உன் பெயரை நீயே உயர்த்து.' எழுதி ஒட்டியது யார்? நான்தான். தூ.

யாஷினி வந்தாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். "சனிக்கிழம நான் வெளிய வரக்கூடாதாம் டீச்சர். முழுநாளும் டிவி பாக்கலாமாம்."

அவள் போனபின் துளசி. வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"யாஷினி பேருல ஜெயிச்சா என் ஐசி வந்துருமா டீச்சர்?"

"வந்துரும்."

"அடுத்த வருசம் இடைநிலைப்பள்ளிக்கு ஐசி கேப்பாங்களாம். இல்லன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு அப்பா சொன்னாரு."

"வந்துரும்மா. நீ பந்த மட்டும் பாரு."

கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காதே. கவுன்சலர் பயிற்சியில் முதல் பாடம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேட்டிருக்கிறேன். திடலில் கிள்ளுகிறேன், இந்த அறையில் ஆட்டுகிறேன்.

ஜூலை 19, சனி

போட்டி கிள்ளான் நகரில். நல்ல வெயில். வென்றோம்.

பெயர் கேட்கும் இடத்தில் நான்தான் ஆட்டக்காரர் பட்டியலை மறுபடி மறுபடி புரட்டினேன். அவள் பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "யாஷினி, சிக்கு!" நடுவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இறுதி ஆட்டம் பாதியில் வேலிப் பக்கம் ஒரு குரல். "துளசி! போடு துளசி! அப்படித்தான்!" மணியம். லோரியை எங்கோ நிறுத்திவிட்டு வேலைச் சட்டையோடு வந்திருக்கிறார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, நான் உட்பட. வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். அவர் மகள் திரும்பவே இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, யாஷினின்னு கத்துங்க."

"ஏன் டீச்சர்? அது என் புள்ள துளசிதானே?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அதன் பிறகு பெயரே சொல்லவில்லை. ஆட்டம் முடியும் வரை கை மட்டும் தட்டினார்.

சிறந்த ஆட்டக்காரர் விருதும் எங்களுக்குத்தான். ஒலிபெருக்கியில் யாஷினி என்றார்கள். ஒரு தயக்கமும் இல்லாமல் எழுந்து போய் வாங்கினாள். த.ஆ. என் காதில், "சூப்பர் டிரெயினிங் டீச்சர்."

பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டு. நான் வெயிலில் தலைவலி என்று சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளிச் சபைகூடலில் த.ஆ. அரைமணி நேரம் பேசினார். கடின உழைப்பு, நேர்மை. நேர்மை என்றபோது தொண்டையைச் செருமிக்கொண்டார், சளிதான்.

துளசியின் விருதை மிஸஸ் சாந்தி வாங்கிக்கொண்டு போய்விட்டார். "பேரு எங்க புள்ள பேருதானே டீச்சர். போட்டோ எடுத்துட்டுத் தந்துர்றேன்." மதியம் ஸ்டேட்டஸ்: யாஷினி, புதுச்சட்டை, கையில் விருது, சுற்றிலும் இதயங்கள். 'அம்மாவின் பெருமை.' அந்தப் பிள்ளையின் முகத்தில் மட்டும்தான் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் லைக். சேர்ந்து கறிபாப். மிஸஸ் சாந்தி உபயம். நான் தொடவில்லை, பெரிய தியாகம்.

ஒய்.பி. விஷயம் எப்போது என்று த.ஆ.விடம் கேட்டேன்.

"இப்ப வேணாம் டீச்சர். அவள வெளிய காட்டினா, அப்ப ஆடுனது யாருன்னு கேப்பாங்க. கொஞ்சம் ஆறட்டும் லா."

அதாவது ஜெயித்ததாலேயே அவளை ஒளித்துவைக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. கரையேறியதும் அந்தப் பிள்ளை யாரோ.

அறைக்கு வந்து அந்த வாசகத்தைக் கிழித்தேன். பசைநாடா பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. பிறகு மணியத்துக்குப் போன் செய்தேன். வியாழன் லீவு போடுங்கள், பதிவிலாகாவுக்கு நாமே போவோம் என்றேன். "நானும் உள்ள வரணுமா டீச்சர்?" நீங்கள்தானே அப்பா என்றேன்.

ஜூலை 24, வியாழன்

விடிகாலையிலிருந்து மழை. ஏர்கோன் இல்லாத காரில் கண்ணாடி முழுக்க ஆவி. மணியம் இஸ்திரி போட்ட சட்டை. துளசி பள்ளிச் சீருடை, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை. வழியெல்லாம் பேச்சு. ஐசி படத்தில் சிரிக்கலாமா, கூடாதா?

கூட்டம். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. எங்கள் நம்பர் வர மத்தியானம் ஆனது.

முகப்பில் மலாய்க்கார அம்மா. நல்ல மனுஷி. மணியம் தடுமாறியபோது பொறுமையாகக் கேட்டார். வீட்டில் பிறந்தது, அம்மா போனது, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். முடியாத விஷயம் இல்லை, நாளாகும், சாட்சி வேண்டும் என்றார். சாட்சிக்கு நான் இருக்கிறேன் என்றேன். இத்தனை நாளில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

பிறகு பேனாவை எடுத்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, உன் பெயர் என்ன கண்ணே என்று மலாயில் கொஞ்சிக் கேட்டார்.

"நாமா சியாபா, சாயாங்?"

துளசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்து வருவது போல இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்தன.

"யாஷினி, சிக்கு!"

மணியம் மகளைப் பார்த்தார். அந்த அம்மாவின் பேனா நின்றது. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

துளசியும் என்னைத்தான் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று.