ஓரத்தில் நம் மகள்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் மகளோடு ஆயிரம் நர்சுகள் நடந்த ஊர்வலத்தை எங்கள் பத்திரிகை “முப்பது பேர்” என்று போட்டதே, அதைப் பிழை திருத்துபவன் என்ற முறையில் ஆசிரியரிடம் கேட்டேன்.

“பெரியவரே, நீங்க எழுத்தைப் பாருங்க. தலையை நான் எண்ணிக்கிறேன்” என்றார்.

நேற்று ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. ஆசிரியர் அந்த ஊர்வலப் படத்தையே எடுத்து, பதாகையை வெட்டிவிட்டு, “மக்கள் வெள்ளம்” என்று வைத்தார். வேலையிலிருந்து நேரே வந்து, தான் மட்டும் நர்சு சீருடையோடு ஓரத்தில் நின்ற நம் மகளைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

இன்று ஊரே சிரிக்கிறது. செய்தது சரியா, தெரியவில்லை. ஆனால் வயிறு குளிர்ந்திருக்கிறது.

நான் கேட்டிருந்த சட்டைப் பொத்தான்களை அனுப்பாதே. அநேகமாக நானே வந்து உன்னிடம் தைத்துக்கொள்வேன்.

ஆசிரியர் கூப்பிடுகிறார். முடிக்கிறேன்.