மெஷினின் வாயில் நான் வைத்த சூப்பி

என் செல்விக்கா,

உன்னைக் கொன்றது முதலாளியும் நானும். மூச்சிழுப்பு முற்றிப் போய்விட்டாய் என்று நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொல்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் முதலாளியும் அதையேதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

பன்விலவிலிருந்து ஒரே பஸ்ஸில்தானே இருவரும் கண்டிக்கு வேலைக்குப் போனோம்? நீ லேசர் மெஷினில் பெயர்ப்பலகையும் பரிசுக் கேடயமும் வெட்டினாய். நான் பலகைகளைக் கொண்டுபோய்க் கடை முகப்புகளில் பூட்டினேன். மெஷின் பழுதானால் அதையும் பார்த்தேன். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, கழற்றிக் கழற்றித் தெரிந்துகொண்டது.

மூடியைத் திறந்தால் மெஷின் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கத்தும். வேலை தாமதமாகிறது என்று மூடியின் சுவிட்சில் ஒரு காந்தத்தை ஒட்டினேன். மூடி சாத்தியிருப்பதாக மெஷின் நம்பிவிட்டது. "பிள்ளை அழுவுது, வாயில சூப்பிய வச்சிட்டேன்" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்குப் பிறகு நம் கடையில் அலாரம் என்ற சொல்லே இல்லை. எது கத்தினாலும் பிள்ளை அழுகிறது. அழுகிற பிள்ளைக்கு யார் பயப்படுவார்கள்?

மெஷினோடு வந்த புத்தகத்தை இப்போதுதான் படிக்கிறேன். ஒரு நீண்ட சத்தம் வந்தால் மூடி திறந்திருக்கிறது. இரண்டு குறுஞ்சத்தம் என்றால் லேசர் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடவில்லை. மூன்று என்றால் புகை வெளியேறவில்லை. அந்த மூன்றுக்கு எதிரே எழுதியிருப்பது இவ்வளவுதான்: வெட்டுவதை நிறுத்து, அறையை விட்டு வெளியே போ, வடிகட்டியை மாற்று. வயரைச் சேர்த்து முறுக்கு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை அக்கா.

கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடைக்காரர் நாற்றம் என்று சண்டைக்கு வந்ததும், ஜன்னல் வழியாகப் போன புகைக்குழாயை முதலாளி கழற்றச் சொன்னது உனக்குத் தெரியும். ஜன்னலை ஆணி அடித்து மூடி, உள்ளேயே ஒரு வடிகட்டிப் பெட்டியை வைத்தார். அது அடைத்துக்கொண்டு தினமும் மூன்று சத்தம் போட்டது. "பில்டர் கொழும்புல இருந்து வரணும் தம்பி. அதுவரைக்கும் ஏதாவது பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அதுவரை என்னை "டேய் தோட்டம்" என்று கூப்பிட்ட வாய் அது. அன்று "நீங்க" என்றது. அந்த ஒரு "நீங்க"வுக்காக, மூன்று சத்தம் இனி வராதபடி வயரை வெட்டி முறுக்கினேன். நீ கோயில் திருவிழாவுக்கு லீவில் இருந்தாய். வந்ததும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

பிறகு அக்ரிலிக் ஷீட் தீர்ந்துபோய், முதலாளி வேறு வெள்ளை ஷீட் கொண்டுவந்தார். பார்க்க இரண்டும் ஒன்றுதான். அது பிவிசி. லேசர் பட்டால் அதிலிருந்து வரும் புகை நுரையீரலை அரிக்கும் என்று அதே புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அன்று மத்தியானம் நான் திரும்பி வந்தபோது நீ மாடிப்படியில் கிடந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தாய்.

சவப்பெட்டியின் மேல் கடை சார்பில் ஒரு பலகை வைத்தார்கள். உன் பெயர், அழகான எழுத்தில். அந்த மெஷினில்தான் வெட்டியிருந்தார்கள். உன்னை அடக்கம் செய்வதற்கு முன்பே அது வேலைக்குத் திரும்பிவிட்டது. ஜன்னல் இன்னும் மூடித்தான் இருக்கிறது. உன் இடத்தில் இப்போது வேறொரு தோட்டத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். விசாரணை அதிகாரிக்குக் கொடுக்க, சிங்களத்தில் அடித்த ஒரு கடிதம். "இறந்தவருக்கு முன்பே இழுப்பு இருந்தது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை." கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"இதுல பொய் ஏதாவது இருக்கா தம்பி? அலாரம் அடிச்சதா? அடிக்கலைதானே?"

இல்லைதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"போட்டுக் குடுத்துடுப்பா. போனவ திரும்பி வரவா போறா?" என்றாள் அம்மா. பிறகு தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, அம்மாவிடம் வயர் கதையைச் சொன்னேன்.

"நீயாடா?" என்றாள். அவ்வளவுதான். சோறு போட்டு வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றை அவளிடமும் சொல்லவில்லை. அன்று நான் அக்குறணையில் பலகை பூட்ட ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது நீ எனக்குப் போன் எடுத்தாயே, அதை.

"டேய், இந்த ஷீட்டு பிளீச்சிங் பவுடர் மாதிரி நாறுதுடா. கண்ணெல்லாம் எரியுது."

"ரொம்பவா?"

"புகை போகலன்னா பிள்ளை அழுவும்தானே? அது கம்முனுதான் இருக்கு. அப்ப ஒண்ணுமில்லதானே?"

அந்த நொடியில் வயர் ஞாபகம் வந்தது அக்கா. சத்தியமாக வந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முதலாளி. "பேச்ச முடிங்க தம்பி, ஆள் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். "வந்து பாக்குறேன்க்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த அதிகாரியிடம் போகிறேன். வயரை முறுக்கச் சொன்னது யார், முறுக்கியது யார், ஷீட் கொண்டுவந்தது யார், நீ எடுத்த போனுக்கு நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கொடுப்பேன். என்னை உள்ளே போட்டாலும் சரி. உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அந்த அறையிலிருந்து எழுப்பாமல் விடமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

ஆனால் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண் எரிந்தும் ஏன் அப்போதே வெளியே வரவில்லை? நான் வந்து பார்ப்பேன் என்று நம்பித்தான் உள்ளே இருந்தாயா? இல்லை என்று சொல்லு அக்கா. ஒரே ஒரு தடவை, இல்லை என்று சொல்லு.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி