முப்பத்தொன்றாம் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் ரத்தம் ஏற்றியபின் உனக்குக் காய்ச்சல் வந்ததாக அம்மா சொன்னாள். என்னிடம் ஏன் மறைத்தாய்? கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாய். அந்த "ஒண்ணுமில்ல"வை முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இத்துடன் நாற்பத்திரண்டு பக்கங்கள் வருகின்றன. நம் வீட்டுக் கதைதான், படக்கதையாக. உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிள்ளையாக நீ பிறந்தது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, "கிருமி வரும்" என்று என்னை உள்ளே விடாமல் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார வைத்தது, எல்லாம் இருக்கிறது. பென்சிலில்தான் போட்டிருக்கிறேன். மை வைப்பதற்கு முன் நீ பார்க்க வேண்டும். பிடிக்காததை அழித்துவிடு, ரப்பரும் வைத்திருக்கிறேன். நீ அழித்த இடத்தில் மை படாது, சத்தியம். பதிப்பாளர் மாதக் கடைசி வரை பொறுப்பார்.

முப்பத்தொன்றாம் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. நீ உள்ளே இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். அதன் முன்னால் நின்று பல்லை இளிப்பேன், ஆடுவேன், டாக்டர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். என்னைப் பார்க்க அங்கே வேறு யார் இருந்தார்கள்? எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒருநாள் அந்தக் கண்ணாடியிடம் ஒன்று சொன்னேன். அப்படியே எழுதியிருக்கிறேன்: "அண்ணன் செத்துட்டா அம்மா எங்கூடவே இருப்பா." இதுவரை ஓர் உயிரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டாள். பள்ளி நூலகத்தில் விட்டுவிட்டுப் போவாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. செய்த பாவத்துக்குத் தண்டனை என்று நானே நினைத்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்துதான் வரையத் தொடங்கினேன்.

அந்தப் பக்கம் இல்லாவிட்டால் இந்தப் புத்தகம் பொய். ஆனால் நீ வேண்டாம் என்றால் எனக்குப் புத்தகமே வேண்டாம்.

பயத்துடன்,
கிறுக்கி

*

மார்ச் 12

அன்பு கிறுக்கிக்கு,

பக்கங்கள் கசங்காமல் வந்து சேர்ந்தன. அசந்துபோய்விட்டேன். வரைபட அலுவலகத்தில் மற்றவர்கள் போட்ட கோட்டில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை, தெரியுமே. அதனால் முதலில் தப்புகள். நான்காம் பக்கத்தில் ஆஸ்பத்திரிப் படிகள் பதினான்கு போட்டிருக்கிறாய்; பதினாறு. ஒன்பதில் ரத்தப்பை தொங்கும் கம்பி எனக்கு இடப்பக்கம் வர வேண்டும். பன்னிரண்டில் என் மூக்கு.

அம்மா முதலில் குதித்தாள். "வீட்டு விஷயத்தை ஊருக்கே படம் போட்டுக் காட்டணுமா?" பிறகு ஏழாம் பக்கத்தை, பஸ்ஸில் என்னை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்தே தூங்குகிற படத்தை, கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "என்னை யாருடா அப்போ இப்படிப் பார்த்தது?" என்றாள். மூக்கு பற்றியும் கேட்டேன். "பெரிசுதான்" என்றாள்.

முப்பத்தொன்றையும் பார்த்தேன். அதைப் பற்றி உடனே எழுத வரவில்லை. கொஞ்சம் பொறு.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணா,

பத்து நாள் ஆயிற்று. போனில் கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுகிறாய். அம்மாவைக் கேட்டால் "உங்க ரெண்டு பேர் நடுவுல என்னை இழுக்காதே" என்கிறாள். திட்ட வேண்டுமானால் திட்டித் தொலை. அழிக்க வேண்டுமானால் அழி. பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

கிறுக்கி

*

மார்ச் 25

அன்பு கிறுக்கிக்கு,

உன் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. படிக்கட்டு எண்ணிக்கை மாதிரியானது இல்லை. அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் இத்தனை நாள்.

அந்தச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் இருந்ததில்லை. அது எங்கள் அறையின் கண்ணாடி ஜன்னல். எங்களுக்குக் கண் கூசக் கூடாதென்று, கார்க் கண்ணாடிக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரிக் கருப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். விளக்கு எரிகிற நடைக்கூடத்திலிருந்து பார்த்தால் உனக்கு உன் முகம்தான் தெரியும். மங்கலான எங்கள் அறையிலிருந்து பார்த்தால் நீ தெரிவாய்.

தலை முதல் கால் வரை தெரிவாய். உள்ளே ஆறு கட்டில், ஆறு பேர். நான் நுழைந்ததும் "தங்கச்சி வந்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ஊசி குத்தும்போது நர்ஸம்மா "அங்க பாரு, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாங்க" என்று உன்னைக் காட்டுவார். கடைசிக் கட்டில் குட்டிப்பெண் சிரித்த சிரிப்பில் ஒருமுறை ஊசியே நழுவிவிட்டது. ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க நாலு மணி நேரம் ஆகும். நீ இல்லாவிட்டால் அதை எப்படிக் கழித்திருப்போம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாய், அதனால் உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஆறு பேரும் சத்தியம் செய்துகொண்டோம். "என்னைப் பார்க்க யார் இருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, பைத்தியமே!

ஜன்னலுக்குக் கீழே மருந்துச் சீட்டு நீட்டுகிற சின்னத் திறப்பு ஒன்று உண்டு. என் கட்டில்தான் அதன் பக்கத்தில். அன்று நீ சொன்னது அதன் வழியே எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

வலித்தது. மறைக்க மாட்டேன். ஆனால் சொன்ன கையோடு நீ உன் வாயிலேயே பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டாய். அதையும் நான்தான் பார்த்தேன். அதை நீ வரையவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், "இனிமே அவளை அங்க கூட்டிட்டு வராதம்மா. அவளாவது ஆஸ்பத்திரிக்கு வெளிய இருக்கட்டும்." தண்டனை இல்லையடி அது. அடுத்த தடவை நீ வராமல் போனதற்கு மற்ற ஐந்து பேரும் என்னோடு பேசவில்லை.

முப்பத்தொன்றில் எதையும் அழிக்கவில்லை. மை வை.

அண்ணன்

*

மார்ச் 29

அண்ணா,

கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே வந்து எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. யாரும் பார்க்காத பிள்ளை நான் என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன். நாற்பத்திரண்டு பக்கமும் அந்த நம்பிக்கையில் போட்டதுதான். ஆறு பேர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்! பதிப்பாளரிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்டேன். கத்தினார். கத்தட்டும். அறைக்குள்ளிருந்து பார்த்ததை வரைய வேண்டும், அதை நீ சொன்னால்தான் எனக்கு வரும்.

ஆனால் கோபமும் இருக்கிறது. எனக்காக முடிவுசெய்ய நீ யார்? உனக்கும் அப்போது பதிமூன்று வயதுதான். அந்த வயதில் ஒருவன் தனக்கிருந்த ஒரே சந்தோஷத்தைத் தங்கைக்காக விட்டுக்கொடுத்தான் என்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே நாலு சாத்து சாத்தவும் தோன்றுகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருப்பேன், அண்ணா. அவ்வளவு சொன்ன பிறகும் வந்திருப்பேன்.

உனக்கு அடுத்த ரத்தம் வருகிற வாரம் புதன்கிழமையாமே. பெரியவர்கள் வார்டில் துணைக்கு ஓர் ஆள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரலாமாம், விசாரித்துவிட்டேன். அம்மாவை வீட்டிலேயே இருந்து ஓய்வெடுக்கச் சொல். அந்த நாற்காலி எனக்கு.

உன் தங்கை