ஏறாத எண்

நவம்பர் 6

ரத்தப் பரிசோதனையில் எண் இந்த முறையும் ஏறவில்லை. கணையப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் பொருள் என் கணவர் மொரியோவின் ரத்தத்தில் இருப்பதாகவே தெரியவில்லையாம். அவருக்கு வாயெல்லாம் பல். நேராக நிகாதா துறைமுகத்துக்குப் போய்ப் தன்னோடு வேலை பார்த்த படகு மெக்கானிக்குகளிடம் சொன்னார்: "எமனுக்கே வழி தெரியாமப் போச்சுடா!"

நவம்பர் 9

பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். கட்டியை அறுத்தெடுத்து எட்டு மாதம். உடம்பு தேறத்தானே வேண்டும்?

நவம்பர் 15

கேட்டுவிட்டேன். "இளைச்சுக்கிட்டே போறீங்களே, ஸ்கேனை முன்னாடியே எடுக்கச் சொல்வோமா?"

மீன் முள்ளைப் பிரிப்பதை அவர் நிறுத்தவில்லை. "டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. நீ என்னைச் சாவடிக்காம விடமாட்ட போல."

நான் என்ன, அவர் சாகணும்னா நெனைக்கிறேன்? ஏன் இந்த மனுஷனுக்குப் புரியமாட்டேங்குது—

நவம்பர் 16

எனக்கும் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 18

அவரிடம் சொல்லாமல், அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் இனாபாவைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பழைய முடிவுகளைத் தேடி எடுத்தார். கட்டி உள்ளே இருந்தபோதும் அந்த அளவு ஏறியதே இல்லை.

"சில பேரோட உடம்பு பிறவியிலயே இதை உண்டாக்காதும்மா. அவங்களுக்கு இந்த எண்ணை நம்பவே கூடாது. நாங்க அப்பவே கவனிச்சிருக்கணும்." எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்கும் விதமாகத் தலை குனிந்தார். ரத்தத்தில் வேறொரு குறியீட்டைப் பார்க்க வேண்டுமாம், ஸ்கேனும் எடுக்க வேண்டுமாம்.

அப்படியென்றால் இத்தனை நாள் எதைக் கொண்டாடினோம்?

நவம்பர் 27

அந்த இன்னொரு குறியீடு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. ஸ்கேனில், ஈரலில் இரண்டு புள்ளிகள்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசலில் மொரியோ பூட்ஸைக் கழற்றியபடி, "நீ சும்மா இருந்திருந்தா, புத்தாண்டு வரைக்குமாவது நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார்.

தப்புப் பண்ணிட்டேனா?

டிசம்பர் 4

புது மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நாளெல்லாம் வாந்தி. என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஊசி குத்தும்போது என் கையைத்தான் தேடினார்.

ஜனவரி 1

அரிசிக் கொழுக்கட்டையில் பாதி சாப்பிட்டார். பாதிதான்.

மார்ச் 12

அந்த இன்னொரு எண் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. புள்ளிகள் சுருங்கியிருக்கின்றன, மறையவில்லை.

"இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?" என்று மொரியோ கேட்டார். நான் கேட்க நினைத்து விழுங்கியது அது.

"தெரியலைங்க" என்றார் மருத்துவர்.

"உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்."

மாலையில், சோயா விழுதில் செய்த மிசோ சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, கடல் தண்ணியையே மொண்டு ஊத்திட்டியா?"

இன்னொரு கரண்டி ஊற்றினேன். முணுமுணுத்துக்கொண்டே அதையும் குடித்தார்.