அண்ணி, ஸ்டார் எரிகிறது

என் அன்பான அண்ணி,

நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் போய்விட்டது. அன்றைக்குச் சர்ச்சில் நிற்க இடமில்லை. ஜனவரி பிறந்ததும் வழக்கம்போலப் பாதி பெஞ்சு காலி. இதற்குத்தானே வருடா வருடம் சண்டைக்கு நிற்பீர்கள்? "பாலன் பொறந்தாருன்னு பாட்டு பாடிட்டு, வளர்க்காம வுட்டுட்டுப் போயிடுவீங்களாமா?"

அதனால்தான் நம் முசரவாக்கத்தில் பண்டிகை முடிந்தும் உங்கள் கிறிஸ்துமஸ் ஸ்டார் மட்டும் பரணுக்குப் போகாது. வாரம் ஒரு வீடாகச் சுற்றிவரும். எந்த வாசலில் எரிகிறதோ, அன்று மாலை அங்கே ஜெபம். முதல் வாரம் உங்கள் வீடு.

இந்த வருடம் அண்ணன் அதை அணைத்துவிட்டார். கழற்றவும் இல்லை. உங்கள் அடக்கத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டு ஜெபித்து யாரும் கேட்டதில்லை. சர்ச்சுக்குக் கூப்பிட்டால், "என்னைக் கொஞ்சம் சும்மா வுடும்மா" என்பார். உங்களோடு அவருடைய விசுவாசத்தையும் புதைத்துவிட்டோமோ என்று பயந்துபோனேன்.

போன புதன்கிழமை ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவர், வாசல் லைட் என்று நினைத்து ஸ்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? கொஞ்ச நேரத்தில் வாசல் நிறையச் செருப்பு. ஏனாத்தூர் காலேஜ் கேன்டீன் வேலை முடிந்து நேராக விஜயா, கோவிலுக்குப் போகும் அதே நெற்றிக் குங்குமத்தோடு. அவளும் நானும்தான் முன்னால். அண்ணன் லுங்கியோடு வந்து முழித்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் வந்துக்கினு இருக்கீங்க?"

"ஸ்டார் எரியுதேண்ணா. ஜெபம் வச்சிருக்கீங்கன்னு வந்தோம்" என்றாள் விஜயா.

சுவிட்ச் மாறிப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். ஸ்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தார்.

எந்த வீட்டில் ஜெபமோ அந்த வீட்டார்தான் முதலில் ஜெபிக்க வேண்டும் என்பது நீங்கள் வைத்த வழக்கம். கண்ணை மூடிக் காத்திருந்தோம். பாட்டை ஆரம்பித்து அவரைக் காப்பாற்றிவிடலாமா என்று தவித்தேன். அப்போது அவர் குரல் கேட்டது.

"ஆண்டவரே, எல்லாரும் வந்திருக்காங்க. எனக்கு டீ கூட சரியா போட வராது. அவ இருந்தா பார்த்துக்குவா. நீரே பார்த்துக்கொள்ளும். ஆமென்."

டீயை விஜயாதான் போட்டாள். சர்க்கரை டப்பாவை எங்கே வைத்துவிட்டுப் போனீர்கள்? சமையலறையையே தலைகீழாக்கிவிட்டோம்.

இந்த வாரம் என் வீட்டு முறை. இன்று காலை அண்ணனே ஆட்டோவில் ஸ்டாரைக் கொண்டுவந்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். "பல்பு மங்கலா இருந்துச்சு, மாத்திட்டேன்" என்றார். கிளம்பும்போது, "சாயங்காலம் சவாரி எடுக்கல. வந்துடறேன்" என்றார்.

பாலனை வளர்ப்போம், அண்ணி. அண்ணன் என்றைக்காவது வராமல் போனால், ஸ்டாரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலிலேயே மாட்டி, சுவிட்சையும் நானே போடுவேன்.

உங்களோடு சண்டை போட்டே பழகிய நாத்தனார்,
கிரேஸ்