பாக்கியம் அக்காவின் பதினெட்டு முட்டை

4-10-82, திங்கள். காலை 7.10. முட்டை 18.

மலையெங்கும் மஞ்சு மூட்டம். எதிர்வீடு தெரியவில்லை. குஞ்சு பொரிக்கும் பெட்டி தயார். ஆப்பிள் பெட்டி, 40 வாட் பல்பு இரண்டு, சூட்டைக் கட்டுப்படுத்த, பழைய இஸ்திரிப்பெட்டியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட். அதன் தகட்டை வளைத்து வளைத்து விரல் போயிற்று.

முட்டைகள் பாக்கியம் அக்காவுடையவை. சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம், இரண்டு வீடு தள்ளி. போன வாரம் காட்டுப்பூனை அவருடைய நாலு பெட்டைகளையும் அடித்துவிட்டது. மிச்சம் ஒரு சேவலும் இந்த முட்டைகளும். யார் வீட்டு அடைக்கோழிக்கு அடியிலோ வைக்கக் கிளம்பியவரை நான்தான் மறித்தேன்.

"இது குஞ்சு பொரிக்குமா தம்பி, இல்ல அவிச்சுக் குடுக்குமா?"

"பாலிடெக்னிக்ல சும்மாவா படிச்சேன்? குடுங்கக்கா."

தெர்மாமீட்டர் சோதனை: ஐஸில் 0. கொதிக்கும் தண்ணீரில் 93. மட்டமான சரக்கு, குறைத்துக் காட்டுகிறது. கணக்குப்படி அது 35 காட்டினால் உண்மையில் 37½, முட்டைக்கு வேண்டிய சூடு. 35-இல் நிறுத்தியாயிற்று.

7-10, வியாழன்

மழை. சாக்ஸ் காயவில்லை. பெட்டிக்குள் பிஸ்கட் டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றுவதை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இம்புட்டு மஞ்சு கெடக்கு, இதுல தண்ணி வேறயா? நீச்சல் பழக்கப் போறீங்களா?"

குளிர்ந்த காற்று சூடானால் காய்ந்துபோகும் என்று விளக்கினேன். கொட்டாவி விட்டார். ஈரம் பார்க்க நனைந்த திரி சுற்றிய தெர்மாமீட்டர் ரொம்பவும் இறங்கியிருந்தது, அதாவது உள்ளே காற்று காய்ந்திருக்கிறது. தண்ணீரோடு இன்னொரு மூடி வைத்தேன்.

மதியம் கரண்ட் இல்லை. வெந்நீர் பாட்டில், கம்பளி. சமாளித்தாயிற்று.

11-10, திங்கள்

முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். 3 வெற்று. 15-இல் நரம்பு ஓடுகிறது, ஆனால் ஒல்லி. ஏழு நாள் வளர்ச்சி இல்லை, ஐந்து சொல்லலாம். சூடு சரி. ஈரம் சரி. ஆகவே முட்டை சரியில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"பழைய முட்டையாக்கா?"

"இல்லீங்க தம்பி. தெனம் நாந்தானே எடுத்து வச்சேன்."

"அப்ப சேவல்ல கோளாறு."

அக்கா சேவலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு ராத்திரி மருமவன் வர்றாரு. அதையே அடிச்சுக் கொழம்பு வச்சிர்றேன். எதுக்கு அதுக்குத் தீனி?"

சரி என்றேன்.

12-10, செவ்வாய். பகல் 1 மணி

வெயில், அதிசயம். கீழே கன்னிவாடியிலிருந்து அம்மா. வந்ததும் ஸ்டவ்வோடு சண்டை.

"ஏலே, என்னடா இது? தண்ணி தளதளன்னு கொதிக்குது, பருப்பு கல்லாட்டம் கெடக்கு. வெரசா வேகுதா பாரு!"

"மலையில அப்படித்தாம்மா. இங்க நூறு டிகிரி வர்றதுக்கு முன்னாடியே தண்ணி கொதிச்சிரும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. இந்த உயரத்தில் 93-இல்தான் கொதிக்கும். தெர்மாமீட்டர் சரியாகவே காட்டியிருக்கிறது. எட்டு நாளாகப் பெட்டி நிஜமாகவே 35. மடையன்.

"மொகம் ஏன்டா வெளிறிப் போச்சு? பசியா?"

செய்ய வேண்டியவை:

1. சூடு 37½. கணக்கு, திருத்தம் எதுவும் வேண்டாம். காட்டுவதை நம்பு.
2. சூடு ஏறினால் காற்று இன்னும் காயும். தண்ணீர் கூடுதலாக.
3. 21-ஆம் நாள் பொரிக்காது, தள்ளிப்போகும். பொறு. எதையும் உடைத்துப் பார்க்காதே.
4. அக்கா வீட்டுக்கு ஓடு. சேவலில் கோளாறு இல்லை, தப்பு என்னுடையது, அடிக்க வேண்டாம் என்று சொல். மேலே உள்ள மூன்றும் இதற்குப் பிறகு.